கார் பெல்ட் கத்துகிறதா? சத்தம் வரும் நேரத்தை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

பானெட்டுக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வருகிறது என்று வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில் "பெல்ட் போயிடுச்சுண்ணா, மாத்திடலாம்" என்பதுதான். மாற்றுவார்கள், சத்தமும் நிற்கும். பத்து நாள் கழித்து அதே சத்தம் திரும்பி வரும். காரணம், கத்துவது பெல்ட்டாக இருந்தாலும் கோளாறு வேறு எங்காவது இருக்கும். பேட்டரி சோர்ந்திருக்கலாம், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி ஏதாவது ஒன்றின் பேரிங் இறுகியிருக்கலாம், வாட்டர் பம்பிலிருந்து என்ஜினைக் குளிர வைக்கும் கூலண்ட் சொட்டிக்கொண்டிருக்கலாம்.

அதனால் சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன். ஸ்டார்ட் செய்தவுடனா? ஏசி போட்டாலா? ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தாலா? மழைக்குப் பிறகா? இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இங்கே பேசுவது என்ஜினுக்கு வெளியே தெரிகிற பெல்ட்டைப் பற்றி. பேன் பெல்ட், டைனமோ பெல்ட் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் அதுதான். என்ஜினோடு சேர்ந்து ஓடும் கிராங்க் புல்லி சுற்ற, அதன் வழியாக பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், பல வண்டிகளில் வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதன் பம்ப் எல்லாவற்றையும் சுற்ற வைப்பது இந்தப் பெல்ட். மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் வேறு. அதை வீட்டு வாசலில் வைத்துத் தொட வேண்டாம்.

கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம். தொட்டுப் பார்க்கும் வேலை எதுவானாலும் என்ஜினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். ஓடும்போது பார்க்க வேண்டியதைக் கண்ணாலும் காதாலும் மட்டும் பாருங்கள். தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, கழுத்தில் ஐடி கார்டு, கையில் காப்பு எதுவும் கூடாது. சூடான என்ஜினில் ரேடியேட்டர் பேன் சாவி இல்லாமலும் திடீரென்று சுற்றும், அதன் பக்கம் விரல் போகக் கூடாது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கத்துகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது

தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் பக்கம் மார்கழி, தை மாதங்களில் அதிகம் கேட்கும் புகார் இது. இரவெல்லாம் பனி இறங்கிப் பெல்ட்டும் புல்லியும் ஈரமாக இருக்கும். ஓரிரு நொடி கீச்சென்று சொல்லிவிட்டு நின்றால், அதுவும் பனிக் காலத்தில் மட்டும் என்றால், பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியிலும் புல்லியில் லேசாகத் துரு பிடித்து இப்படிக் கத்தும், ஓட ஓடத் தேய்ந்து சரியாகிவிடும்.

ஆனால் பனி இல்லாத நாளிலும் கத்தினால், பத்து இருபது நொடி நீடித்தால், ஆல்டர்னேட்டர் மேல் வரும் சுமைதான் காரணம். ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து உறிஞ்சியதை ஆல்டர்னேட்டர் உடனே திருப்பித் தர வேண்டும். அந்த நேரத்தில்தான் அது சுற்றுவதற்கு மிகவும் கனமாக இருக்கும். பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அங்கே வழுக்கும். பேட்டரி நிரம்ப நிரம்பச் சுமை குறைந்து சத்தம் அடங்கும்.

இங்கே பலர் தவறவிடுவது பேட்டரியை. வயதான பேட்டரி இரவில் சார்ஜ் இழந்திருந்தால் ஆல்டர்னேட்டருக்குத் தினமும் காலையில் கூடுதல் வேலை. பெல்ட்டும் தினமும் வழுக்கி, தேய்ந்து, பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பிறகு லேசான சுமைக்கே கத்த ஆரம்பிக்கும். எனவே மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்துக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். 12.6 பக்கம் இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. அப்புறம் ஸ்டார்ட் செய்து பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். இப்போது ஹெட்லைட், ஏசி புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். கீச்சென்ற சத்தமும் வந்து, அதே நேரம் வோல்ட்டேஜும் 13-க்குக் கீழே இறங்கினால் பெல்ட் ஆல்டர்னேட்டர் புல்லியில் வழுக்குகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். புது மாடல் சில கார்களில் கம்ப்யூட்டரே வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும். அவற்றில் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், சத்தத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

ஏசி போட்டதும் கத்துகிறது

கம்ப்ரசர் கிளட்ச் டக்கென்று ஒட்டும் நொடியில் ஒரு சின்னக் கீச் வந்து நின்றால் பெல்ட் தளர்வு. ஏசி ஓடும் வரை விடாமல் கத்தினால், ரப்பர் கருகிய வாடையும் வந்தால், கம்ப்ரசர் இறுகிக்கொண்டிருக்கிறது. உடனே ஏசியை அணைத்துவிடுங்கள். மே மாதம் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் ஏசியோடு நிற்கும்போது கத்துவதற்கும், மேலுமலை ஏற்றத்தில் கத்துவதற்கும் வித்தியாசம் உண்டு. வரிசையில் நிற்கும்போது கேஸ் அழுத்தம் ஏறிக் கம்ப்ரசர் கனமாகிறது. அப்போது ரேடியேட்டர் பேன் சரியாகச் சுற்றுகிறதா, முன்னால் இருக்கும், ஏசி கேஸைக் குளிர வைக்கும் கண்டென்சரில் மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். குவாரி லாரிகளுக்குப் பின்னாலேயே தினமும் ஓடும் வண்டி என்றால் கண்டென்சரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே சில சமயம் சத்தம் குறைந்துவிடும். ஏற்றத்தில் கத்துவது அப்படியல்ல. அங்கே காற்று நன்றாக வீசும், என்ஜின் வேகமும் சுமையும்தான் அதிகம், எனவே முதலில் பெல்ட்டின் இழுவையையும் டென்ஷனரையும் பாருங்கள்.

ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் கத்துகிறது

ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் முழு ஒடிப்பில் பம்ப் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். வத்தல்மலை கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்திலும் கத்துகிறதென்றால் பெல்ட் அந்தச் சுமையைத் தாங்கவில்லை. ஸ்டீயரிங் ஆயில் அளவையும் பாருங்கள். ஆயில் குறைந்தால் வருவது முனகல், கீச் அல்ல. ஆயில் ஒழுகிப் பெல்ட் மேல் விழுந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே வரும். எலக்ட்ரிக் ஸ்டீயரிங் உள்ள சின்னக் கார்களில் பம்பே கிடையாது. அவற்றில் ஒடிக்கும்போது கத்தினால் கரண்ட் இழுப்பதால் ஆல்டர்னேட்டர்தான் கனமாகிறது, முதல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

விடாமல் "கிச் கிச் கிச்" என்று குருவி கத்துவதுபோல் வருகிறது

நீளமாக இழுக்கும் கீச்சும் இந்த விட்டு விட்டு வரும் கிச் கிச்சும் வேறு வேறு. நீளமான கீச் வழுக்கல். கிச் கிச் என்பது பெரும்பாலும் நேர்க்கோட்டுப் பிசகு, அதாவது ஏதோ ஒரு புல்லி மற்றவற்றோடு ஒரே நேரில் இல்லை. பெல்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் ஓடும் வரிகள் புல்லிப் பள்ளத்துக்குள் ஒருபக்கமாக உரசி உரசி ஏறுகின்றன. ஐட்லிங்கில் நன்றாகக் கேட்கும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மங்கிவிடும்.

இரண்டில் எது என்று சந்தேகம் வந்தால் தண்ணீரை வைத்துச் சோதிக்கலாம். பணம் செலவில்லாத, ஏமாற்றாத சோதனை இது. தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் ஒரு ஓட்டை போடுங்கள். வண்டி ஐட்லிங்கில் ஓடும்போது எட்ட நின்று, பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் மெல்லியதாகப் பீய்ச்சுங்கள். குடம் கணக்கில் ஊற்ற வேண்டாம். சத்தம் சட்டென்று நின்று, சில நொடி கழித்துத் திரும்பி வந்தால் புல்லி நேரில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் இன்னும் கூடினால் இழுவை போதவில்லை, பெல்ட் வழுக்குகிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் சத்தம் பெல்ட்டிலிருந்தே வரவில்லை, பேரிங் பக்கம் போங்கள். பேச்சில் விளங்காத விஷயம் இதில் விளங்கிவிடும். பட்டறைக்குப் போகும் முன் செல்போனில் இதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் சத்தத்தை வாயால் செய்து காட்டுவதைவிட இது நல்லது.

புல்லிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நேரான இரும்பு ஸ்கேல் போதும். இரண்டு புல்லிகளின் விளிம்பில் வைத்துப் பாருங்கள். ஒரு அடி நீளத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் சத்தம் வர வாய்ப்பு அதிகம். சமீபத்தில் ஆல்டர்னேட்டரோ வாட்டர் பம்போ மாற்றிய பிறகு இந்தச் சத்தம் ஆரம்பித்தது என்றால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வேறு மாடல் புல்லி மாட்டியிருப்பார்கள், அல்லது பிராக்கெட்டில் ஒரு வாஷர் இடம் மாறியிருக்கும். எதையும் மாற்றாமலே வந்திருந்தால் டென்ஷனரைப் பாருங்கள். அதன் புஷ் தேய்ந்தால், உருளையைத் தாங்கும் டென்ஷனர் கை சாய்ந்துவிடும், பெல்ட் டென்ஷனர் உருளையின் நடுவில் ஓடாமல் ஓரமாக ஓடும். நின்று பார்த்தாலே தெரியும்.

தூசியும் இதே மாதிரி கிச் கிச் தரும். கிருஷ்ணகிரி சுற்று வட்டாரத்தில் கிரானைட் குவாரி, பாலிஷ் பட்டறை பக்கம் ஓடும் வண்டிகளில் வெள்ளைத் தூள் புல்லிப் பள்ளங்களில் இறுகிப்போய் இருக்கும். பெல்ட்டைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்து எடுங்கள். காற்றுக் குழாயால் ஊதினால் மேல் தூள்தான் போகும், அடியில் இருப்பது போகாது.

கீச் இல்லை, உறுமல் அல்லது கரகரப்பு

இது பேரிங். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஐட்லர் (பெல்ட்டின் பாதையைத் திருப்பும் வெறும் உருளை), டென்ஷனர், கம்ப்ரசர் கிளட்ச் என்று எதிலும் இருக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடத்துக்கு உள்ளாக என்ஜினை ஓட்டி நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓட்ட வேண்டாம், வாட்டர் பம்ப் சுற்றாது. சத்தம் காணோம் என்றால் கோளாறு பெல்ட் சுற்றும் உருப்படிகளில் ஒன்றில் இருக்கிறது. என்ஜினை நிறுத்திய பிறகு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள், அப்புறம் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழவழவென்று சுற்றும். மணல் அரைவது விரலிலேயே தெரிந்தால் அதுதான். கிரீஸ் காய்ந்த ஐட்லர் ரொம்ப லேசாக, நிற்காமல் சுற்றிக்கொண்டே போகும். அதையும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

வாட்டர் பம்பின் தண்டுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அங்கே பச்சை அல்லது சிவப்பு நிறத்தில் கூலண்ட் காய்ந்த கறை இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. பேரிங் சத்தம் வராவிட்டாலும் பம்பை மாற்ற வேண்டியதுதான்.

தடதடவென்று அடிக்கிறது, டென்ஷனர் துள்ளுகிறது

ஐட்லிங்கில் டென்ஷனர் கை லேசாக அதிர்வது இயல்பு. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அளவு துள்ளினால் ஸ்பிரிங்கோ உள்ளே இருக்கும் உரசல் தட்டோ முடிந்துவிட்டது. டீசல் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. பலவற்றில் ஆல்டர்னேட்டர் புல்லி ஒரு பக்கம் மட்டும் பிடித்து, மறுபக்கம் வழுக்கிச் சுற்றும் வகை. அது இறுகிப்போனால் என்ஜினின் ஒவ்வொரு உதறலும் பெல்ட்டுக்குப் போய் டென்ஷனரை அடித்து நொறுக்கும். டென்ஷனரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் போகும்.

கிராங்க் புல்லியையும் பாருங்கள். நடுக் குடத்துக்கும் வெளி வளையத்துக்கும் இடையே ரப்பர் இருக்கும். ரப்பர் விட்டுப்போனால் வளையம் தனியாக நழுவும். சாக்பீஸால் குடத்திலிருந்து வளையம் வரை ஒரு நேர்க்கோடு போட்டு, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் எத்தனை பெல்ட் மாற்றினாலும் பயனில்லை.

சத்தம் இல்லை, பேட்டரி விளக்கு எரிகிறது

இதை மிகவும் அக்கறையோடு சொல்கிறேன். பெல்ட் அறுந்துவிட்டால் கத்தாது, பேட்டரி விளக்கு மட்டும் எரியும். வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் இருந்தால் சில நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போகும். "பக்கத்து ஊர் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் என்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் (என்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போகும்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். அங்கே அறுந்தால் சூடு இரண்டாவது கவலை. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் திடீரென்று கல்லாக இறுகும். அதைவிட முக்கியம், பழைய டீசல் வண்டிகள் சிலவற்றில் பிரேக் மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் (காற்றை உறிஞ்சிய வெற்றிடம்) தரும் பம்ப், ஆல்டர்னேட்டரின் பின்பக்கமே பொருத்தப்பட்டிருக்கும். பெல்ட் அறுந்தால் அதுவும் நிற்கும். ஓரிரு முறை மிதிக்கும் அளவுக்கு பூஸ்டரில் வேக்குவம் மிச்சம் இருக்கும், அதற்குப் பிறகு பெடல் கட்டை மாதிரி ஆகிவிடும். பிரேக் போய்விட்டது என்று அர்த்தமில்லை, முழு பலத்தோடு அழுத்தினால் பிடிக்கும். ஆனால் இதைத் தெரியாதவர் பயந்து விட்டு விட்டு மிதிப்பார், மிச்சம் இருப்பதும் போகும். இறக்கத்தில் பேட்டரி விளக்கு எரிந்தால் கியரைக் குறைத்து, பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, இடது ஓரம் ஒதுக்கி நிறுத்துங்கள். சாவியை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்க வேண்டாம். உங்கள் வண்டியில் அந்தப் பம்ப் எங்கே இருக்கிறது என்று அடுத்த சர்வீஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெல்ட்டையே பார்ப்பது

என்ஜினை நிறுத்தி, டார்ச் அடித்து, பெல்ட்டைக் கொஞ்சம் திருப்பி வரி உள்ள பக்கத்தைப் பாருங்கள். பழைய வகை ரப்பரில் குறுக்கே விரிசல் விடும். ஒரு விரல் நீளத்துக்குள் ஒரே வரியில் மூன்று நான்கு விரிசல் இருந்தால் மாற்றிவிடலாம். இப்போது வருபவை பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். அவை லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் விரிசல் விடாமல் புதுசு போலவே இருக்கும், ஆனால் வரிகள் டயர் மாதிரி தேய்ந்திருக்கும். வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் கூர்மையாக இல்லாமல் அகலமாகிவிட்டால் பெல்ட் புல்லிக்குள் ஆழமாக இறங்கிப் பிடிப்பை இழக்கும். "விரிசலே இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லும் பெல்ட்கள்தான் இன்று அதிகம் வழுக்குகின்றன. புது பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து நகத்தால் தடவி ஒப்பிட்டால் தெரியும்.

வரிகள் இல்லாத, வி வடிவத்தில் இருக்கும் பழைய ஒற்றை வி பெல்ட் என்றால் அதன் மேல்முகம் புல்லி விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். உள்ளே இறங்கிப் புல்லியின் அடிப் பள்ளம் பளபளத்தால், எவ்வளவு டைட் வைத்தாலும் வழுக்கும்.

ஆயிலோ கூலண்டோ ஊறிய பெல்ட்டைக் கழுவிப் பயன்படுத்த முடியாது. ஒழுக்கை அடைத்து, புல்லிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டுப் பிறகுதான் புதியது. சோப்புக் கட்டி தேய்ப்பது, மெழுகு தடவுவது, பெல்ட் ஸ்பிரே அடிப்பது எல்லாம் சத்தத்தை மறைக்கும், கோளாறு அப்படியே இருக்கும். போதாததற்கு அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும்.

புது பெல்ட் மாட்டியும் கத்துகிறது

முதலில் அளவு. 6பிகே1200 என்று எழுதியிருந்தால் ஆறு வரி, 1200 மில்லிமீட்டர் நீளம். பழைய பெல்ட்டில் உள்ள எண்ணையும் புதியதையும் ஒப்பிடுங்கள். கடையில் "இதுவும் செட் ஆகும்" என்று 10 மில்லிமீட்டர் கூடுதலாகக் கொடுத்திருந்தால், டென்ஷனர் தன் எல்லையிலேயே நிற்கும். டென்ஷனரில் அதற்கான குறி இருக்கும், முள் அந்த எல்லைக்குள் இருக்கிறதா பாருங்கள். அடுத்தது, ஒரு வரி புல்லிக்கு வெளியே தொங்குகிறதா என்று ஒவ்வொரு புல்லியிலும் பாருங்கள். அவசரத்தில் மாட்டும்போது இது நிறைய நடக்கும், சில கிலோமீட்டரில் பெல்ட் நாராகக் கிழிந்துவிடும். கழற்றும் முன்பே பெல்ட் போகும் பாதையைப் போட்டோ எடுத்து வைத்தால் குழப்பம் வராது.

ஸ்பிரிங் டென்ஷனர் இல்லாமல், போல்ட்டைத் திருகிப் பெல்ட்டை இழுக்கும் வகையில், நீளமான பகுதியைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. புது வி பெல்ட் கொஞ்சம் ஓடியதும் இளகும், சில நாளில் மறுபடி பார்த்து இறுக்க வேண்டும். ஆனால் சத்தத்துக்குப் பயந்து வீணைக் கம்பி மாதிரி முறுக்கிவிடாதீர்கள். கத்தல் நிற்கும், ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் அந்த இழுப்பில் சீக்கிரமே போய்விடும். டென்ஷனரே இல்லாமல் இழுத்து மாட்டும் எலாஸ்டிக் பெல்ட் வந்த கார்கள் உண்டு. அதை ஸ்குரூ டிரைவரால் நெம்பி மாட்டக் கூடாது, தனிக் கருவி வேண்டும். ஒருமுறை கழற்றினால் புதியதுதான் போட வேண்டும்.

சாதாரண பெல்ட்டைக் கிலோமீட்டர் கணக்குக்காக மாற்றும்போது, பழையது கிழியாமல் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பாலித்தீன் பையில் சுருட்டி, டென்ஷனருக்குப் பொருந்தும் ஸ்பேனரோடு டிக்கியில் வையுங்கள். அஞ்செட்டி மலைப் பாதையில் இரவு எட்டு மணிக்கு அறுந்தால் பக்கத்தில் உதிரிபாகக் கடை கிடையாது.